எல்லை வரை ஒரு வண்டி

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவள் தூங்கும்போது மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. சில சமயம் விழித்துக்கொண்டு, "இருக்கேம்மா, போய்ப் படு" என்று கரகரத்த குரலில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவளுக்கு அது வேடிக்கை. அந்தக் கரகரப்பு எப்படி வந்தது என்பதை அவளிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை இப்போது எழுதுகிறேன். சென்ற மாதம் நடந்த ஒன்றுக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் சிக்கலுக்குத் தெற்கே, கண்மாய்களுக்கும் உவர் நிலத்துக்கும் நடுவில் இருக்கிறது. காற்று திரும்பினால் கடல் இரைவது கேட்கும். கடலைப் பார்க்க முடியாது. அந்த நாளில் ஊருக்குப் பாதை என்று ஒன்று கிடையாது. வண்டித் தடம்தான். மழை பெய்தால் அதுவும் அழிந்துவிடும். டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ராமநாதபுரம் போக வேண்டும். சிக்கல் வரை மாட்டு வண்டி, அங்கிருந்து பஸ். சைக்கிளில் ஒரு கம்பவுண்டர் எப்போதாவது வருவார். அவர் பையில் இருந்ததெல்லாம் காய்ச்சல் மிக்சரும் புண்ணுக்கு மஞ்சள் மருந்தும்தான்.

மூத்தவனை நான் தொண்டை நோயில் இழந்தேன். தொண்டைக்குள் வெள்ளையாகச் சவ்வு படர்ந்து, மூச்சு உள்ளே போகும்போது கொல்லன் துருத்தியைப் போல ஒரு சத்தம் வந்தது. காலையில் போகலாம், வெயில் தாழப் போகலாம் என்று பேசிப் பேசி, கடைசியில் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அதன்பின் பல வருடம் கழித்துப் பிறந்தவள் என் மகள். அவளுக்கு ஐந்து வயதான புரட்டாசியில் ஒரு நாள் விடியற்காலையில் அதே சத்தத்தைக் கேட்டு எழுந்தேன்.

நான் ராமநாதபுரத்தில் எட்டாவது வரை படித்தவள். அவள் வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்நாக்குக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு தடவினாற்போல் இருந்தது. என் கணவர் விதை வாங்கப் பரமக்குடிக்குப் போயிருந்தார். யாரையும் கேட்கவில்லை. எங்கள் பண்ணை ஆளைக் கூப்பிட்டு வண்டி பூட்டச் சொன்னேன்.

அவர் தயங்கினார். "தாயி, வழியெல்லாம் கட்டிக் கெடக்கு. ஒரு ஊர்லயும் ஆளை விடமாட்டாக."

"ஊருக்குள்ள நமக்கு என்ன வேலை? தடத்தோட போவோம்" என்றேன்.

அவர் சொன்னது என்னவென்றால், அந்த வருடம் கடலோர ஊர்களில் வாந்திபேதி பரவிக்கொண்டிருந்தது. அந்த மாதிரிக் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் நுழையும் இடத்தில் வேப்பிலைக் கயிறு கட்டிவிடுவார்கள். வெளியாள் யாரும் அதைத் தாண்டக் கூடாது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. உச்சிப் பொழுதிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. நோயைக் கொண்டுவருகிறவள் அந்த நேரத்தில்தான் வருவாள் என்பார்கள். பெயரைச் சொல்லமாட்டார்கள், 'அவள்' என்றுதான் சொல்வார்கள். சொந்தக்காரியின் குரலில் கூப்பிடுவாள், அவசரம் என்பாள், அழுவாள். ஏன் என்று கேட்ட வீட்டில் ஒரு உயிரை எடுத்துக்கொண்டு போவாள். என் ஊரிலும் அதுதான் வழக்கம். சிறு பெண்ணாக இருந்தபோது நானும் என் வாயை நானே பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அன்று வெளியே நின்று கூப்பிட்டது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாதி வழியில் ஓர் உப்பு ஓடை உண்டு. முதல் நாள் பெய்த மழையில் சேறாகியிருந்தது. வண்டி இறங்கியதும் ஒரு பக்கம் சாய்ந்து அச்சு முறிந்தது. சக்கரத்தைத் தோள் கொடுத்துத் தூக்கப் போன பண்ணை ஆளின் கால் அதன் அடியில் சிக்கிக்கொண்டது. இருவரும் சேர்ந்து மண்ணைத் தோண்டிக் காலை எடுத்தோம். பாதம் நசுங்கியிருந்தது. அவரால் நிற்க முடியவில்லை.

"எங் காலு கெடக்கட்டும் தாயி. அந்தா பனை தெரியுதுல்ல, அங்கன ஒரு ஊர் இருக்கு. அவுக கிட்ட வண்டி இருக்கும். பிள்ளையத் தூக்கிக்கிட்டு நடங்க" என்றார். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்தார். சூரியன் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். முழங்கால் வரை புதைந்தது. கொண்டை அவிழ்ந்து விழுந்ததைக் கட்ட எனக்குக் கை இல்லை. கரையேறி உவர் மண்ணில் நடக்க நடக்கக் காலில் ஒட்டிய சேறு காய்ந்து வெளுத்தது.

ஊர் வாசலில் வேப்பிலைக் கயிறு தொங்கியது. குனிந்து அதன் அடியில் நுழைந்தேன்.

ஆள் இல்லாத ஊர் என்றால் பயமில்லை. அந்த ஊரில் ஆள் இருந்தார்கள். ஒரு முற்றத்தில் உரலுக்குப் பக்கத்தில் கம்பு பாதி இடித்தபடி கிடந்தது. உலக்கையைச் சுவரில் சாய்த்த இடத்தில் அது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வேப்பமரத்தில் கட்டிய தூளி தானாக அசைந்தது. உள்ளே குழந்தை இல்லை. கூரைகளின் மேல் புகை எழுந்துகொண்டிருந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை. யாரோ அதன் வாயைக் கட்டியிருக்க வேண்டும்; ஒரு திண்ணைக்குப் பின்னால் அது முனகுவது கேட்டது. எனக்கு முன்னால் எல்லாக் கதவுகளும் மூடியிருந்தன.

"வீட்ல யாரு? கொஞ்சம் வாங்களேன். பிள்ளைக்கு முடியல" என்று கூப்பிட்டேன்.

என் குரல் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. அடுத்த வீட்டுக்குப் போனேன். அதற்கடுத்த வீட்டுக்கும் போனேன். என் ஊர்ப் பெயரைச் சொன்னேன். என் மாமனார் பெயரைச் சொன்னேன். சிக்கல் வரை ஒரு வண்டி வேண்டும், என்ன கூலி கேட்டாலும் தருகிறேன் என்று சொன்னேன். ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு பையனின் குரல் கேட்டது.

"யாரோ அழுறாகம்மா."

"ஏலே, வாய மூடு. அப்படித்தான் அழுவா."

"நான் மனுசிதாம்மா. சத்தியமா மனுசி" என்றேன் கதவில் கையை வைத்து.

உள்ளே ஒரு கிழவரின் குரல், என்னிடம் அல்ல, தங்களுக்குள்: "பாத்தியா, கேக்காமயே சொல்றா."

எதைச் சொன்னாலும் அது எனக்கு எதிராகவே திரும்பியது. அழுதால் அவள் அழுவாள். பெயர் சொன்னால் அவள் பெயர் சொல்வாள். அமைதியாக நின்றால் அவளும் நிற்பாள். கதவின் அடியில் ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. அதில் இரண்டு கண்கள் தெரிந்தன. அந்தப் பையன் தரையில் படுத்து என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று அவனுக்கும் சொல்லியிருப்பார்கள். குனிந்து என் காலை நானே பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று, சேலைக் கரையும் கால் விரலும் தெரியாமல் இருந்தது. உச்சி வெயிலில் எனக்கு நிழலும் இல்லை.

"காலு இல்லம்மா" என்றான் பையன்.

என் தோளில் பிள்ளையின் மூச்சு இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. மூத்தவனுக்கும் இப்படித்தான் நீண்டது.

அப்போது கதவுக்குப் பின்னால் ஒரு பெண் பேசினாள். பையனின் தாயாக இருக்க வேண்டும். "தாயே, தெரியாம ஏதும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்க. ஒனக்கு என்ன வேணுமோ அதக் கேளு. வாங்கிக்கிட்டு எங்க எல்லையத் தாண்டிப் போயிரு. எம் பிள்ளைய விட்டுரு."

நானும் அதைத்தானே கேட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்தேன் என்று சொல்லமுடியாது. நோய் ஊருக்குள் வந்துவிட்டால் அவளை வண்டியில் ஏற்றி எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சிறு மரவண்டி செய்து, மஞ்சள் துணி கட்டி, அதை இழுத்துப் போய் அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். அது எனக்கு நினைவு வந்தது. வாயைத் திறந்தேன். வந்த குரல் அடித்தொண்டையிலிருந்து, மெதுவாக, சற்றும் நடுங்காமல் வந்தது. அதற்கு முன் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அதற்குப் பின்னும் கேட்கவில்லை.

"வண்டி கட்டு. பெரிய வண்டி. ரெண்டு மாட்டையும் பூட்டு. என்னைய எல்லை கடத்து. இல்லேன்னா இங்கனயே உக்காந்துருவேன்."

உட்காரவும் செய்தேன், அந்த முற்றத்தின் நடுவில், பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு.

ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. எங்கோ பின்கட்டில் மாட்டுச் சலங்கை கேட்டது. சற்று நேரத்தில் ஒரு கூண்டு வண்டி சந்தில் வந்தது. மாட்டுக் கொம்புகளில் வேப்பங்குலை கட்டியிருந்தார்கள். ஓட்டி வந்தவர் தலையிலிருந்து தோள் வரை ஈர மஞ்சள் துணியைப் போர்த்தியிருந்தார். என் பக்கம் முதுகைக் காட்டியே நிறுத்தினார். நான் ஏறினேன். வண்டி நகர்ந்ததும் எங்களுக்குப் பின்னால் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு வாசலிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது. நான் இருந்த இடத்தைக் கழுவினார்கள்.

அந்தப் பயணம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவர் ஒருமுறையும் திரும்பவில்லை. மாட்டையும் அதட்டவில்லை. பிள்ளையின் ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் தோள் குலுங்கியது. எனக்கு அவரைப் பார்த்துப் பயமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்துப் பயந்தார். நடுவில் ஓர் இடத்தில், மடியில் கிடப்பது என் பிள்ளைதானா, நான் நான்தானா என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்தது. பிள்ளையின் விரலைப் பிடித்து அழுத்திப் பார்த்தேன். பதிலுக்கு அவள் அழுத்தவில்லை.

ஓர் உடைமரத்தடியில் வண்டி நின்றது.

"எங்க எல்லை இதான் தாயே" என்றார். முதல்முறையாகப் பேசினார்.

"இன்னும் போ" என்றேன். குரல் பழையபடி என் குரலாகவே வந்தது. அவசரத்தில் உடைந்தும் போனது.

"அங்கிட்டு அடுத்த ஊர்க்காரன் பாடு" என்று சொல்லிக் கயிற்றைப் போட்டுவிட்டுக் குதித்து, வந்த வழியே ஓடினார். துணி நழுவி விழுந்தது. அதை எடுக்கவும் திரும்பவில்லை. வண்டியும் மாடும் அவருக்குச் சொத்து. அதையெல்லாம் என்னிடம் விட்டுவிட்டு ஓடினார்.

பெண்கள் வண்டி ஓட்டுவதில்லை. என் அய்யா ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். கயிற்றை எடுத்தேன். மாடுகள் சந்தைக்குப் போய்ப் பழகியவை போலும். தாமாகவே சிக்கல் தடத்தில் நடந்தன.

பஸ் புறப்படுகிற நேரம். கொம்பில் வேப்பிலையோடு வந்த வண்டியைப் பார்த்துக் கூட்டம் விலகியது. கண்டக்டர் மட்டும் அருகில் வந்து, "ஏத்தா, தனியாவா ஓட்டியாந்தே? வண்டிக்காரன் எங்க, கள்ளுக் குடிக்கப் போயிட்டானா?" என்று கேட்டார். அன்று என்னைப் பார்த்து மனிதர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அங்கேயே அழுதுவிட்டேன்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து மூச்சைத் திருப்பினார்கள். ஊசி போட்டார்கள். பிழைத்தாள். தழும்பும் கரகரப்பும் தங்கிவிட்டன. பண்ணை ஆளை அன்று மாலையே எங்கள் ஊர்க்காரர்கள் போய்த் தூக்கி வந்தார்கள். இன்றும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

என் கணவர் வண்டியையும் மாட்டையும் திருப்பிக் கொடுக்க அந்த ஊருக்குப் போனார். வாங்க மறுத்துவிட்டார்கள்.

"அவ ஏறின வண்டியை நாங்க எப்படித் தொடுறது?"

"ஏறினது எம் பொண்டாட்டிப்பா. பிள்ளைக்குத் தொண்ட நோவு."

அவர்கள் மரியாதையாகச் சிரித்தார்களாம். "அய்யா வீட்டு அம்மாவை எங்களுக்குத் தெரியாதா? அந்த ரூபத்துலதான் வந்தா."

மாடுகளைக் கோயிலுக்கு விட்டுவிட்டார்கள். என் கணவர் எல்லையிலேயே விட்டுவந்த வண்டி அந்த உடைமரத்தடியில் நின்று மழையிலும் வெயிலிலும் இற்றுப்போனது. அந்த வருடம் அந்த ஊரில் வாந்திபேதிக்கு யாரும் சாகவில்லை. அதுவும் உண்மை. வண்டி நின்ற இடத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். அவள் இடுப்பில் செத்த பிள்ளையோடு வந்தாள், தொண்டையில் வெள்ளை விழுந்து செத்த பிள்ளை என்று கதை வளர்ந்தது. அதனால் பிள்ளைகளின் தொண்டை நோவுக்கு அந்தக் கல்லிடம் வேண்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். இதையெல்லாம் நான் கேள்விப்பட்டேன், பேசாமல் இருந்தேன். நான் போய் மறுத்தால் அதையும் அவள் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு சரளைச் சாலை வந்தது. பஸ் வந்தது. ஆஸ்பத்திரி வரவில்லை. பஸ் அந்தக் கல்லை ஒட்டித்தான் போகிறது.

சென்ற மாதம் மகளுக்குக் கண் பரிசோதிக்க அவளை ராமநாதபுரத்துக்கு அழைத்துப் போனேன். கல்லடியில் டிரைவர் வழக்கம்போல் பஸ்ஸை நிறுத்திச் சூடம் கொளுத்த இறங்கினார். ஜன்னல் வழியே அந்தச் சத்தம் கேட்டது. துருத்திச் சத்தம். கல்லுக்கு முன்னால் ஓர் இளம் பெண் மூன்று வயதுப் பிள்ளையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் கழுத்தில் மஞ்சள் பூசியிருந்தது.

இறங்கி ஓடினேன். "ஆத்தா, இது ஊசி போட்டாத்தான் தீரும். பஸ் நிக்குது, ஏறு."

"உத்தரவு கேட்டு உக்காந்திருக்கேன். கல்லு மேல வச்ச பூ விழுந்தா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள்.

"எப்பலேர்ந்து உக்காந்திருக்கே?"

"நேத்தே வந்தேன்."

"எந்திரிம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அவ பாத்துக்குவா. அவளும் பிள்ளையப் பறிகுடுத்தவதானே."

கண்டக்டர் விசில் ஊதினார். அன்று முற்றத்தில் வந்த குரலைத் தேடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், அது வரவில்லை. அப்போது என் மகள் என்னைத் தாண்டிப் போனாள். குனிந்து, அந்தப் பெண்ணின் மடியிலிருந்து பிள்ளையை அள்ளிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தாய் அலறிக்கொண்டு பின்னால் ஓடி ஏறினாள். பஸ் நகர்ந்தது.

"குடுடி எம் பிள்ளைய! நீ யாருடி?"

"ஆசுபத்திரி வந்ததும் தாரேன்" என்றாள் என் மகள் கரகரத்த குரலில், தாவணியை விலக்காமலேயே தெரிந்த அந்தக் கழுத்துத் தழும்போடு. அந்தப் பெண் தழும்பையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மெதுவாக இருக்கையிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து கைகூப்பினாள். நான் அவளைப் பிடித்துத் தூக்கப் போனேன். என் கை படாமல் சுருங்கிக்கொண்டாள்.

பிள்ளை பிழைத்தது. மறுநாள் காலையில் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். தாயின் விரலைப் பிடித்தபடி பால் குடித்துக்கொண்டிருந்தது. அவளைச் சுற்றி மற்றப் பெண்கள் கூடியிருந்தார்கள். அவள் கண் விரியச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கல்லுல உத்தரவு கேட்டு உக்காந்திருந்தேங்கா. அவளே எறங்கி வந்துட்டா. செத்த பிள்ளையும் கூட வந்துச்சு, வளந்து நின்னுச்சு. எம் பிள்ளையத் தன் கையால தூக்கிக்கிட்டு வந்து இங்கன சேத்துச்சு."

வாசலிலேயே நின்றேன். டாக்டர் பெயரையோ ஊசியையோ அவள் சொல்லவில்லை. உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

நேற்று சிக்கலிலிருந்து வந்த ஒருவர் என் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார். கல்லடியில் இப்போது கூட்டமாம். கொட்டகை போட்டிருக்கிறார்களாம். தூர ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் தொண்டை அடைத்த பிள்ளைகளோடு வந்து, அவள் வருவாள் என்று காத்திருக்கிறார்களாம்.